பிரசங்கம் கேட்க வந்த திமிங்கிலம்

எங்கள் ஊர் தேவாலயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திமிங்கிலம் ஒன்று குட்டியோடு வந்து, பிரசங்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பாட்டுக்கு வாலால் தாளமும் போட்டுவிட்டுப் போனது. உள்ளே வரவில்லை; வாசல் அகலம் போதாது. படிக்கட்டுக்கு நேரே விரிகுடாவில் நின்றபடியே கேட்டது. ஊரே பார்த்தது. பார்க்காதவன் ஒரே ஒருவன்தான்: என் மனைவியின் அண்ணன் கிலிஃபி. அவன் இருந்ததோ தேவாலயத்துக்குள்ளேயே, வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சில்.

நான் தென்கடலில் வவாவுத் தீவுகளுக்கிடையே தாடி நரைக்கும்வரை படகு ஓட்டி ஓய்ந்தவன். ஒரு முறை சுறா என் படகைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஃபிஜி வரை போய், அங்கே குடியேற்ற அதிகாரிகளைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டது. இதையும் கிலிஃபி நம்புவதில்லை. அவன் சுபாவம் அப்படி.

அந்த வருஷம் திமிங்கில காலத்தில் எங்கள் பின்னறையில் தங்கியவள் ஹெஸ்டர். அடிலெய்டுக்காரி, பயணப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவள். தன் கதையை எல்லாம் அவள் என் மனைவி மெலெனைதேயிடம் சேப்பங்கிழங்கு உரித்தபடி சொல்லியிருந்தாள். அட்டைப்படத்துக்கு ஒரு திமிங்கிலம் கொண்டுவந்தால் சரி, இல்லையென்றால் இனி சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் எடுத்து இலவசமாக அனுப்புவதே போதும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டாராம். அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. கேமராவில் கண்ணை வைத்தால் யாரோ எப்போதோ எடுத்த படம்தான் தெரிகிறது, தன் படம் தெரியவில்லை என்றாள். கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன். மெலெனைதே என்னை எழுந்து வெளியே போகச் சொன்னாள்.

ஹெஸ்டர் வந்த நாள் முதல் மழை. சாதாரண மழையில்லை. மீன்கள் எது கடல், எது தெரு என்று தெரியாமல் எங்கள் தோட்டத்துக்கு வந்து வழி கேட்டன. எந்தப் படகும் கிளம்பவில்லை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் மழை நின்றது. ஞாயிறு விடிந்தபோது கடல் கண்ணாடித் தட்டுப் போலக் கிடந்தது. திங்கள் காலை அவளுக்கு விமானம்.

நான் தேவாலயத்துக்குப் போக, எங்கள் ஊர் மரியாதைப்படி, வேட்டிக்கு மேல் இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேமராப் பையோடு வந்து நின்றாள்.

"கேப்டன், ஒரு மணி நேரம் போதும். உங்க படகை எடுங்க."

"ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல கோழிகூட யோசிச்சுதாம்மா முட்டை போடும். நான் இன்ஜினைத் தொட்டேன்னா மெலெனைதே இன்ஜினோட சேர்த்து என்னையும் கடல்ல போட்டுடுவா."

கரையிலிருந்தாவது எடுக்கிறேனே என்று அவள் மெலெனைதேயிடம் கெஞ்சினாள். படம் எடுப்பதற்குக் காசு வாங்குகிறாயா என்று மட்டும் மெலெனைதே கேட்டாள். ஆமாம் என்றது அந்த அப்பாவி. அப்படியானால் அது வேலைதான், ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஹெஸ்டரின் இடுப்பிலும் ஒரு பாயைச் சுற்றி, பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளையும் தேவாலயத்துக்குக் கூட்டிவந்தாள். அங்கே பையைக் காலடியில் வைத்து அதன்மேல் இரு பாதங்களையும் ஊன்றினாள். மெலெனைதே கால் ஊன்றிய இடத்திலிருந்து எதையும் நகர்த்தப் புயலாலும் முடிந்ததில்லை.

கிலிஃபி எங்கள் பாடகர் குழுவின் கட்டைக்குரல். அவன் குரலெடுத்தால் தென்னையில் இளநீர் உதிரும். பாட்டு முடிந்ததும் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவான். சனிக்கிழமை இரவு குடித்த காவா வேர்ச்சாற்றின் மயக்கம் அவனுக்கு ஞாயிறு பிரசங்கத்தில்தான் தெளியும். தூங்குகிறாயா என்று கேட்டுவிடக் கூடாது. கண்ணை மூடி ஜெபிக்கிறானாம்.

போதகர் நௌஃபாஹு அன்று பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தேவாலயத்தில் சபைக்கு முதுகுப் பக்கம் கடல். போதகருக்கு மட்டும் நேர் எதிரே, திறந்த வாசலில், விரிகுடா தெரியும். திடீரென்று அவர் குரல் கம்மியது. கண்கள் தட்டளவு விரிந்தன. அவருக்குள் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்துச் சில பெண்கள் அழத் தொடங்கினார்கள். அப்போதுதான் பின்னால், கடலே எழுந்து நின்று மறுபடி தொப்பென்று உட்கார்ந்தது போல ஒரு சத்தம். யாரும் திரும்பவில்லை. பிரசங்கத்தின்போது திரும்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஹெஸ்டர் மட்டும் திரும்பினாள். மெலெனைதே அவள் முகத்தைப் பிடித்து நேராக்கினாள்.

போதகரும் மனிதர்தானே. பொறுமையைப் பற்றிச் சொல்ல இருந்த மிச்சத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கடைசிப் பாட்டை நாங்கள் பாடப் பாட வெளியே வாலடி. "ஆமென்" சொன்ன கையோடு, எல்லோருக்கும் முன்னால் வாசலுக்கு ஓடியவர் அவர்தான். பின்னாலேயே சபையும் போய்ப் படிக்கட்டில் நெருக்கியடித்து நின்றது. கல்லெறி தூரத்தில், இரண்டு பேருந்து நீளத்துக்கு ஒரு தாயும், ஒரு பேருந்து நீளத்துக்குக் குட்டியும். தாய் மேலெழுந்தபோது சூரியனே மறைந்து ஊர்ச் சேவல்கள் இரண்டாம் முறை கூவின.

ஹெஸ்டர் வெறுங்கையோடு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மெலெனைதே பையை மார்போடு அணைத்துக்கொண்டு போதகரைப் பார்த்தாள். சபை முழுவதும் போதகரைப் பார்த்தது. அவர் யோசிப்பதற்குள் திமிங்கிலம் இன்னொரு முறை குதித்துவிட்டது.

"திமிங்கிலம் உன் வேலைம்மா. அதை எடுக்கக் கூடாது," என்றார் போதகர். "எங்களை எடு. விருந்தாளி வீட்டுக்காரங்களைப் போட்டோ எடுக்கிறது வேலையில்ல, மரியாதை."

இதில் யாருக்கும் மறுப்பில்லை. பை கைமாறியது. நாங்களும் படத்துக்குத் தயாரானோம், கடலைப் பார்த்தபடியே. யார் திரும்புவார்கள்? ஹெஸ்டருக்குக் கிடைத்ததெல்லாம் முதுகுகளும் தொப்பிகளும் இடுப்புப் பாய்களும்தான். எல்லோரையும் அடக்க வேண்டுமென்று பின்னால் நகர்ந்து, நகர்ந்து, வாசலைத் தாண்டித் தேவாலயத்துக்குள்ளேயே போய்விட்டாள். உள்ளே போனவள் அசையாமல் நின்றுவிட்டாள். பிறகு கேமரா கொறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திமிங்கிலம் படத்தில் விழவில்லையே என்று போதகர் திரும்பாமலே கேட்டார்.

"அது தானா வந்து நிக்குது, ஐயா," என்றாள்.

"அப்ப அது அதோட பாடு," என்று போதகர் கைகழுவிவிட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போய், குழியடுப்பைத் திறந்து, சேப்பிலையில் பொதிந்த மாட்டிறைச்சியைப் பங்கு வைத்தபோதுதான் கிலிஃபி வந்து சேர்ந்தான். திமிங்கிலமா என்றான். முதல் பாட்டிலிருந்து கடைசி வரை தான் உள்ளேதான் இருந்ததாகவும், ஒரு நெத்திலிகூட வரவில்லை என்றும் சொன்னான். அன்று முதல் நானும் விடாமல் கதையைச் சொன்னேன். பாவம், நான் சொல்லச் சொல்ல, கண்ணால் பார்த்தவர்களே பார்த்தோமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த திமிங்கில காலத்தில் ஹெஸ்டர் கையில் பத்திரிகையோடு திரும்பி வந்தாள். அட்டையில் அந்தப் படம்: வாசல் சட்டத்துக்குள் எங்கள் முதுகுகள், அவற்றுக்கு மேலே அந்தரத்தில் திமிங்கிலம், எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் கேமராவைப் பார்த்து முகம் காட்டிய ஒரே ஆளாக, வாயைப் பிளந்தபடி கிலிஃபி. அவனை வெட்டிவிடச் சொன்னாராம் ஆசிரியர். அவனை வெட்டினால் அது மற்றவர்களின் படமாகிவிடும், அவன் இருந்தால்தான் தன் படம் என்று அவள் சண்டை போட்டாளாம்.

ஆனால் அவள் தனியாக வரவில்லை. ரோரி என்ற ஆளையும் பத்திரிகை கூடவே அனுப்பியிருந்தது. படம் பொய், திமிங்கிலத்தை ஒட்டவைத்திருக்கிறாள் என்று வாசகர்கள் எழுதிக் குவித்திருந்தார்கள். பொய்யென்றால் இனி அவள் படத்தை யாரும் வாங்கப் போவதில்லை. ரோரி ஊரெல்லாம் விசாரித்தான். எல்லோரும் என்னுடைய வார்த்தைகளிலேயே, சேவல் கூவியது உட்படச் சொன்னதால் ஒருவரையும் நம்பவில்லை. கேப்டன் கதையைச் சொல்லாத ஆள் யாராவது உண்டா என்று கேட்டான். ஒருவன் இருந்தான்.

தேவாலயப் படியில் நாங்கள் எல்லோரும் நின்றோம். ஹெஸ்டர் மெலெனைதேயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிலிஃபி பத்திரிகையை வாங்கிப் பார்த்தான். திமிங்கிலம் மெய் என்றால் தூக்கமும் மெய். இத்தனை வருஷ ஜெபமும் அம்பலம். இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, திமிங்கிலமும் பொய், தூக்கமும் பொய் என்றான். ஹெஸ்டர் தலை குனிந்தாள்.

"அண்ணே, அந்த வாய் மட்டும் கம்ப்யூட்டருக்கு வராது," என்றாள் மெலெனைதே.

ரோரி சிரித்தபடி குறிப்பேட்டை மூடினான். "எனக்கும் அப்பவே சந்தேகம்தான். நிஜமா தூங்குறவன் மூஞ்சி இப்படியா இருக்கும்? யாரோ சொல்லிக்கொடுத்து நடிச்சிருக்கீங்க. நடிப்பும் சுமார்தான்."

கிலிஃபியின் கழுத்து நரம்பு புடைத்தது. தென்னைகள் ஆடும் அந்தக் குரலை எடுத்தான்.

"யாரைப் பாத்து நடிப்புங்கிற? அன்னைக்குத் திமிங்கிலம் வந்துச்சு. குட்டியோட வந்துச்சு. அது குதிச்ச நேரம் பூரா நான் உள்ள இந்த வாசல் பெஞ்சுலதான் தூங்கிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா?"