நாலு அங்குல வளையம்

...வளையத்துக்கு வளையம் ஒன்பது அங்குலமாம், கட்டடப் படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம், படம் வரைந்தவனா குவெட்டா பூகம்பத்தில் இடிபாட்டுக்குள் கையை விட்டுத் தம்பியைத் தேடினான், தேடியது கம்பி கட்டுகிற இந்த ஞானையன் அல்லவா... பதினாறு வருஷமாயிற்று, பூமி குலுங்கியதில் தூண் வெடித்து, கம்பிகள் பனைநார் மாதிரிப் பிரிந்து நின்றன, அடியில் தம்பி செல்வன், சுற்றி இறுக்கிக் கட்டிய வளையங்கள் இருந்திருந்தால் தூண் ஆடியிருக்கும், வெடித்திருக்காது. அதனால்தான் வடசேரியில் எழும்பப் போகிற நாலு மாடி ஜவுளிக்கடையின் பன்னிரண்டு தூண்களுக்கும், தலையிலும் காலிலும் நாலு அங்குலத்துக்கு ஒரு வளையம் கட்டினான், அதுவும் வெட்டிப்போட்ட துண்டுக் கம்பியில். ஓவர்சியர் பகவதியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. "இந்த ஊருல எப்பம்வே பூமி குலுங்கிச்சு? அவுத்துப் போடும்" என்றார். எப்பம் என்று பூமி சொல்லிவிட்டா வரும், மடப்பயல் பேச்சு. ஞானையன் முதல் தூணின் கம்பிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அவுக்க மாட்டேன், பாத்துக்கிடும். வேணும்னா காங்கிரீட்ட எம்மேல ஊத்தும்."

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வார்ப்பைத் தொடங்கியாக வேண்டும், மணி பத்தேகால்... அவிழ்க்க உட்கார்ந்தால் மதியமாகும், இது ஓவர்சியருக்குத் தெரியாவிட்டாலும் கடை முதலாளி வைகுண்டராஜனுக்குத் தெரியும், பஞ்சாங்கத்தை மீற அவருக்கு ஏது துணிச்சல், இருக்கிறபடியே ஊற்றச் சொல்லிவிட்டார். தொடங்கிய வார்ப்பைப் பாதியில் நிறுத்துவது ஆகாது, அதுவும் அவர் நம்பிக்கைதான், பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு தூணும் நிறைந்தன. நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார் பகவதியப்பன். வராவிட்டால் போகிறது, வளையம் உள்ளே இருக்கிறது, இனி எந்தக் கொம்பன் வந்து அவிழ்ப்பான்? சந்தைக் கூட்டத்துக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். ஆனால் வெளியே தெரியாதே, சிமெண்டு மூடிவிட்டதே, ஞானையன் சொன்னது சரி என்று எவன் சொல்லுவான்... ஒரு தரம் குலுங்கினால் தெரியும், அரை நிமிஷம் போதும், மற்ற கட்டடமெல்லாம் விழ இது மட்டும் நிற்கும், அப்போது அந்த ஓவர்சியர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்... சீ, எதைக் கேட்கிறான், செல்வனைத் தின்றதையா? கூடை சுமந்த பெண்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வரக்கூடாது ஆண்டவரே என்று சொல்ல வாயைத் திறந்தான், சொல்லத்தான் செய்தான், ஆனால் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.