கிராம்பு போடாத தேநீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை என் கணவர் ஒரு பையோடு உள்ளே வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று என்னை அடுப்பிலிருந்து நகர்த்திவிட்டு, துருக்கிப் பழத் தேநீர் போட்டார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

புருஷன் டீ போட்டுக் கொடுத்ததற்கா சந்தேகம் என்று கேட்பீர்கள். பொறுங்கள். இவர் பார்க்கும் வேலை தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்ப்பவர். ஒவ்வொரு முறை காய்ச்சி முடித்ததும் அந்த வாசனையை ஒரு காகிதத் துண்டில் தோய்த்துக் கொண்டுவருவார்கள். இவர் முகர்ந்து, போகலாம், போகக்கூடாது என்று சொல்லவேண்டும். அங்கே இவருக்குப் பெயரே மூக்கு சார்தான். அந்த மூக்குக்கு மரியாதை செய்து, கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வாசனை என்ற பேச்சே கிடையாது. செண்ட் கிடையாது. பவுடர் கிடையாது. பூண்டு வதக்குவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அதுவும் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து. இப்படிப்பட்ட மனிதர் பட்டையையும் கிராம்பையும் அடுப்பில் ஏற்றி வீடு முழுக்க மணக்கவிட்டால், நீங்களாக இருந்தால் சும்மா இருப்பீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் எது எழுதினாலும் முதல் வாசகர் இவர்தான். தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தால், படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதிவைப்பார். இந்தக் கதையை மட்டும் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிக்கு அடியில் ஒளித்துவைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அவன் அன்று வழக்கத்தை விட அழகாக இருந்தான்." [வேண்டாம். இவர் அழகாகவெல்லாம் இல்லை. சளி பிடித்து எழுந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: "ஒரு தேநீர் ஒரு குடும்பத்தை—" [இதை எழுதி முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி. கெட்டில் மேல் கெட்டில் உட்காரும் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார். கீழ்க் கெட்டிலில் வெறும் தண்ணீர். மேல் கெட்டிலில் காய்ந்த ஆப்பிள் துண்டுகள், ஆரஞ்சுத் தோல், செம்பருத்தி இதழ், ஒரு துண்டுப் பட்டை, கிராம்பு. கீழே தண்ணீர் கொதித்ததும் அதில் பாதியை மேலே ஊற்றி, மேல் கெட்டிலைக் கீழ்க் கெட்டிலின் தலையில் உட்காரவைத்துத் தீயைத் தணித்துவிடவேண்டும். கீழிருந்து வரும் ஆவியின் சூட்டிலேயே மேலே இருப்பது நிதானமாக ஊறும். அவசரப்பட்டால் புளிப்பு மட்டும்தான் இறங்கும். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன வாசனை முதல்ல வருது? யோசிக்காம சொல்லு."

"ஆரஞ்சு. அப்புறம் கிராம்பு. என்னங்க இது, பரீட்சையா?"

"சும்மாதான்."

சும்மா என்று சொல்லிக்கொண்டு எதையும் செய்கிற ஆளில்லை இவர்.

[* துருக்கியில் இதை இப்படித்தான் போடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை துருக்கி என்பது அந்தப் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த ஒரு சொல். யாராவது அங்கிருந்து வந்து சண்டை போட்டால் என் கணவரைக் கேளுங்கள்.]

3

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "வீடியோல பார்த்தேன்" என்றார்.

மறுவாரம் நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, அண்ணன் டீயெல்லாம் போடுதாமே! ஆபீஸ்ல யாரோ கத்துக்கொடுத்தாங்களாம். சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாத ஆளு. யாருன்னு விசாரிச்சு வைங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குச் சிரிப்பாக இல்லை.

படிக்கட்டில் மாடிவீட்டு அக்காவைப் பார்த்தேன். "உங்க வீட்டு வாசனை மேல வரைக்கும் தூக்குது. சார்கிட்ட கேட்டேன், டாக்டர் சொல்லித்தான் பண்றாராமே, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள்.

ஒரே தேநீருக்கு மூன்று பிறப்பிடம். பொய் சொல்லிப் பிழைக்கும் தொழில் என்னுடையது, அதனால் இந்த விஷயத்தில் நான் சொன்னால் கேட்கலாம். நடந்த சம்பவத்தைச் சொல்பவர்கள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நம்மைச் சலிக்கவைப்பார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்கிறவர் எதையோ மூடுகிறார். மூன்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அலுவலகத்தில் 'யாரோ' என்பதையே பிடித்துக்கொண்டேன்.

4

ஆகவே ஒருத்தியை உண்டாக்கினேன். கதைக்காகத்தான்.

அவள் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். [வேண்டாம், கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் யாருக்கும் டீ சொல்லிக்கொடுக்கமாட்டார்கள்.] அவள் வெளிநாடெல்லாம் சுற்றியவள். நீளமான விரல்கள். மூக்கு சார் முகர்வதற்காக அவள் டம்ளரை நீட்டும்போது அவள் வளையல்—

இங்கேதான் சிக்கல். அவளுக்கு முகம் வரமாட்டேன் என்கிறது. கூந்தலை எழுதினால் அது என் கல்லூரித் தோழியின் கூந்தலாக இருக்கிறது. குரலை எழுதினால் நாத்தனார் பேசுகிறாள். நான்கு பக்கம் எழுதியும் அவள் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்தப் பாத்திரமும் என்னிடம் இப்படி முரண்டு பிடித்ததில்லை. ஆனாலும் அவளை விட மனமில்லை. ராத்திரி தூக்கம் கெட்டது அவளால்தானே.

எனவே ஒரு சோதனை வைத்தேன். கடைக்குப் போய், இருப்பதிலேயே தலைவலி வரவழைக்கும் செண்டை வாங்கினேன். கழுத்தில், மணிக்கட்டில், புடவைத் தலைப்பில் தாராளமாகத் தெளித்துக்கொண்டு சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் தலைக்கு ஒரு வாசனை எண்ணெய் வைத்ததற்கே இந்த மனிதர் என்னை மறுபடி குளிக்க அனுப்பியவர். இன்று வீடு இரண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். "டீ போடட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைவிட வாசனையாக ஒருத்தி இவர் பக்கத்தில் தினமும் உட்காருகிறாள், அதனால்தான் என்னுடையது உறைக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

5

[இந்தப் பகுதியை நாலாவதற்கு முன்னால் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் நீங்கள் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த மகிழ்ச்சியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.]

தினமும் தேநீர் தொடர்ந்தது. ஒருநாள் பட்டையை விட்டுவிடுவார். ஒருநாள் ஆரஞ்சுத் தோலைக் குறைப்பார். "இன்னைக்கு எது குறையுது சொல்லு பார்ப்போம்." நானும் வீம்புக்குச் சரியாகச் சொல்லிவிடுவேன். நாளாக ஆக எனக்கே ஆச்சரியமாக, உலர்ந்த ஆப்பிளின் தோலையும் சதையையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். பிறகு அலுவலகக் காகிதத் துண்டுகள் சட்டைப்பையில் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. "விளையாட்டா சொல்லேன், இது என்ன மாதிரி இருக்கு?"

ஒருநாள் ஒரு துண்டை முகர்ந்து, "வெயில் படாம காஞ்ச துணி மாதிரி இருக்குங்க. பின்னாடியே பழைய எண்ணெய் வருது" என்றேன். அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் நின்று தொழிற்சாலைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"அதை நிறுத்திவைங்க. வெயில் படாம காஞ்ச துணி மாதிரி இருக்கு, பின்னாடியே பழைய எண்ணெய் வருது. ஆமா, நான்தான் சொல்றேன்... கண்ணைக் கட்டிப் பரீட்சையா? எல்லாருக்குமா? அடுத்த வாரமா? சரி... சரி."

என் வரி! 'ங்க'வைத் தவிர ஒரு எழுத்துக்கூட மாறாமல் என் வரி. என் கையிலிருந்த தலையணை உறை நழுவி மாடிவீட்டு அக்காவின் கொடிமேல் விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். பதினைந்து கதை வெளியிட்டவள் நான், என் வாக்கியத்தை என் பெயர் போடாமல் இவர் எப்படிச் சொல்லலாம்? அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். முகர்வதற்கென்றே இருக்கும் மனிதருக்கு என் வரி எதற்கு?

6

அன்று சாயங்காலம், "இன்னைக்கு நான் போடறேன், நீங்க உட்காருங்க" என்றேன். எல்லாம் போட்டேன். கிராம்பு மட்டும் போடவில்லை. டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

"கிராம்பு சரியா இருக்கா?"

அவர் டம்ளரை மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். கண்ணை மூடினார். அந்த முகபாவம் எனக்குப் பழக்கமானது. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சோறே.

"சரியா இருக்கு. சொல்லப்போனா ஒரு சிட்டிகை தூக்கலாவே இருக்கு" என்றார்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் போனேன். அவர் கிராம்பு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். பிறகு முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்துக்கொண்டார். வாசனை குழம்பிப்போனால் மூக்கைத் துடைத்து வைப்பதற்கு இவர்கள் தொழிலில் அப்படிச் செய்வார்கள், தன் தோலின் மணம் மற்றதை அழித்துவிடுமாம். மறுபடி பாட்டில். மறுபடி முழங்கை. பாட்டிலை மூடாமலேயே நின்றுகொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது இரண்டாம் பகுதியைத் திரும்பிப் போய்ப் பாருங்கள். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் என்று எழுதியிருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் மூக்கை முன்னால் நீட்டுகிறவர், அன்று கண்ணால் பார்த்தார். அதை என் கையாலேயே எழுதிவிட்டு, வர்ணனை நன்றாக வந்திருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சளியையும் எழுதியிருக்கிறேன். டாக்டரையும் எழுதியிருக்கிறேன், சளியோடு போன மணத்தை முகர்ந்து முகர்ந்து திரும்பப் பழக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கவேண்டும். எல்லாம் எழுதிவிட்டு, இல்லாத ஒருத்திக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவளை இத்துடன் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். போய்வா அம்மா. உன்மேல் தப்பில்லை.

7

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. முன்பு சந்தேகப்பட்டது அவள்மேல். இப்போது ஒவ்வொரு டம்ளரையும் சந்தேகப்படுகிறேன். எனக்காகப் போட்டதா, என் மூக்கைப் பழக்கப் போட்டதா? "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு மாலை என் தலையைத் தடவினாரே, அது யாருக்கு? என் மூக்கை நம்பியவர் என்னை நம்பவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்திருப்பார், புரிகிறது. மூக்கு சார் என்ற பெயரும் போய்விடும் என்று பயந்திருப்பார், அதுவும் புரிகிறது. என்னிடம் சொல்ல என்ன பயம்?

அடுத்த வாரம் கண்ணைக் கட்டி உட்காரவைப்பார்கள். அங்கே பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். அதனால் இந்தக் கதையை அதற்குள் முடித்தாகவேண்டும்.

முடிவு ஒன்று: நான் கேட்கிறேன், அவர் அழுகிறார், கட்டிக்கொள்கிறோம். [எழுதிப் பார்த்தேன். அவர் அழவில்லை. "உனக்கென்ன பைத்தியமா, மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நானாகப் போய்ப் பிடித்தால் மறுப்பார். இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?]

முடிவு இரண்டு: அடுத்த காகிதத் துண்டுக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன். அழுகலை ரோஜா என்கிறேன். அவர் அதையே போனில் சொல்கிறார். [இதை முழுதாக எழுதினேன். வேகமாகவும் வந்தது. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து, துண்டுகளைக் குப்பையில் போடாமல் அடுப்பில் போட்டேன்.]

முடிவு மூன்று: ஒன்றும் சொல்லாமல் காலம் முழுக்க அவர் மூக்காக இருந்துவிடுகிறேன். [நல்ல மனைவிகளைப் பற்றிய கதைகளுக்கு இது பொருந்தும். என் மூக்கு என் முகத்தில்தான் இருக்கட்டும்.]

8

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை.

ஆரம்பத்திலிருந்து 'நீங்கள்', 'நீங்கள்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே, அந்த நீங்கள் யாரென்று இப்போது தெரிந்திருக்கும். என் முதல் வாசகர் வேறு யார்? தாள்களைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தேநீர் இருக்கிறது, ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கிராம்பு போட்டேனா, இல்லையா என்று இங்கே எழுதப்போவதில்லை. மூடியைத் தூக்கிக் கெட்டிலுக்குள் பார்க்கவேண்டாம், சக்கையை வடிகட்டிக் கொட்டிவிட்டேன். நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

நான் முன்னறையில்தான் இருக்கிறேன். தினமும் நீங்கள் என்னைக் கேட்டதை இன்று நான் கேட்கிறேன். எது குறைகிறது, சொல்லுங்கள். பென்சில் டம்ளர் பக்கத்திலேயே இருக்கிறது. ஓரத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினால் போதும், எழுந்து உள்ளே வந்துவிடுவேன்.