பழைய நகலை ஏற்றக் கூடாது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எல் சால்வடாரின் இந்தக் கடற்கரையில் ஐஸ் விற்கிறேன். வியாபாரம் மந்தமான வேளையில் எழுதுகிறேன் என்பது ஊருக்கே தெரியும். போன வாரம் பக்கத்துக் கடையில் புபூசா என்னும் சோள அடை சுடும் யாமிலெத் வந்து, "நீதான் கதை எழுதுறியே, எங்க கதைய எழுதி ஒரு முடிவு சொல்லு" என்றாள். மறுநாள் அவளுடைய கொழுந்தன் வில்பெர், மீனுக்கு ஐஸ் வாங்க வந்தவன், அதையே சொன்னான். அண்ணியும் கொழுந்தனும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'இடி முழங்கிய அந்த மாலையில், எல் சால்வடாரின் கடல் கறுத்து' (அடித்துவிட்டேன். கடலுக்கு இதில் வேலையே இல்லை.)

இரண்டாவது: 'பிட்காயின் என்பது யாதெனில்' (இதையும் அடித்தேன். தெரிந்தவர் கொட்டாவி விடுவார், தெரியாதவர் ஓடியே போவார்.)

மூன்றாவது நிற்கட்டும்: அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து ஒரு வாய்க்கால் போட்டார்கள்.

வாய்க்கால் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறோம். இருவரும் தங்கள் பிட்காயினை அதில் பூட்டி வைக்க வேண்டும். இளநீருக்கு யாரோ கொடுப்பது, யாமிலெத்தின் புருஷன் அமெரிக்காவில் மெரிலாந்திலிருந்து அனுப்புவது, எல்லாம் அதன் வழியே போகும். வழிவிட்டதற்குச் சில்லறையாகக் கூலி விழும். ஒவ்வொரு தடவை பணம் கடக்கும்போதும் உள்ளே இருவர் பங்கும் கொஞ்சம் மாறும். புதுப் பங்கை இருவர் வீட்டுக் கணினிப் பெட்டியும் குறித்துக்கொள்ளும்.*

* யாராவது பழைய பங்கைக் காட்டி வாய்க்காலை மூடினால், எதிராளியின் பெட்டி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் வழித்துவிடும். ஏன் செய்தாய் என்று கேட்காது. இதற்குச் சம்மதித்துத்தான் எல்லாரும் இறங்குகிறோம்.

வில்பெர் தன் படகுக்குப் புது எஞ்சின் வாங்கச் சேர்த்ததை அதில் போட்டிருந்தான். எஞ்சின் வரும்வரை சும்மா கிடப்பானேன், கூலியாவது விழட்டும் என்று.

3

இடியில் வில்பெரின் பெட்டி செத்தது. வேறு பெட்டி வாங்கி, பென் டிரைவில் இருந்த நகலை அதில் ஏற்றினான். அது பழைய பங்கைக் குறித்திருந்த நகல். "பழைய நகல மட்டும் ஏத்தாதீங்க, அதுக்குப் பெட்டியக் கடல்ல போட்டுடலாம்" என்று ஊருக்கே வகுப்பெடுத்தவன் அவன்! வாய்க்கால் திறக்காமல் நின்றது. பொறுமை இல்லாமல், கட்டாயமாக மூடும் பட்டனை அழுத்தினான்.

யாமிலெத் மாவு பிசைந்துகொண்டிருந்தபோதே அவள் பெட்டி அத்தனையையும் அவள் பக்கம் எடுத்துக்கொண்டது. 'மோசடி முறியடிக்கப்பட்டது' என்று கைபேசியில் ஒரு பச்சை அறிவிப்பு வந்தது.

ஒன்றை மறைக்கப் பார்த்தேன், முடியாது போலிருக்கிறது. அந்தப் பழைய பங்கில் வில்பெருக்குத்தான் அதிகம் இருந்தது.

4

'வில்பெருக்கு அது தெரியாது' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'வில்பெருக்குத் தெரிந்திரு' என்று பாதியில் நிறுத்தினேன். நான் எழுதும் ஆள், அவன் மனதுக்குள் எனக்கு வழி இல்லை என்றால் என்ன எழுத்து இது? எரிச்சலாக இருக்கிறது.

இதற்குள் அவனே ஐஸ் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து தாளைப் பிடுங்கினான்.

"'கண்ணில் கள்ளம்'னு போட்டிருக்க. எந்தக் கண்ணுல பாத்த?"

"அடிச்சிடறேன், குடு."

"அடி. எஞ்சின்காரன் சனிக்கிழமை வரைக்கும்தான் வெச்சிருப்பான், அப்புறம் வேற ஆளுக்குத் தள்ளிடுவான். அதையும் எழுது."

"எங்கிட்ட சொல்றத அண்ணிகிட்ட போய்ச் சொல்லேன்டா."

"போய் நின்னா திருடிட்டு மன்னிப்புக் கேக்கற மாதிரி ஆயிடும். நான் எப்படிப்பட்டவன்னு அவங்களுக்கே தெரியணும்."

5

அவளும் படித்தாள். தன்னைக் குண்டு என்று எழுதவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டாள்.

"அவன் திருடன்னு நெனச்சிருந்தா அன்னிக்கே மூஞ்சில விட்டெறிஞ்சிட்டுத் தல முழுகிருப்பேன்."

"அப்புறம் அவன் காச ஏன் வெச்சிருக்க?"

"'அண்ணி, தப்பா அழுத்திட்டேன்.' இவ்வளவுதான். இத வந்து சொன்னா வாய் வெந்துடுமா? பெட்டிக்குத்தான் பேச வராது. இவனுக்குமா?"

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது, இருவரையும் பிடித்தும் இருந்தது.

6

முடிவு அ: அவளாகவே கொடுத்துவிடுகிறாள். (எனக்கு ஆசைதான். ஆனால் பிச்சை வாங்கியவன் போல அவன் ஆயுசுக்கும் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டு போவான்.)

முடிவு ஆ: கொடுக்கவில்லை, விதி விதிதான். (இதை எழுதிவிட்டு அவள் கையால் நான் சாப்பிட முடியாது.)

முடிவு இ: மெரிலாந்திலிருந்து அண்ணன் வந்து (வரமாட்டான். விசா, காகிதம் எதுவும் இல்லாமல் போனவன், வந்தால் திரும்பிப் போக முடியாது.)

7

இப்போது சனிக்கிழமை காலை. நான் ஒன்றும் புனையவில்லை, யாமிலெத்தின் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வில்பெர் வந்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த புபூசா இரண்டு சொன்னான். அவள் முகம் பார்க்காமல் தட்டை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"அண்ணி, புது வாய்க்கால் ஒண்ணு போடலாமா?"

அவள் கை நின்றது.

"உன் பக்கம் போட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

இருவரில் ஒருவரே மொத்தத்தையும் போட்டு, அதில் எவ்வளவையும் மற்றவர் பக்கம் தள்ளிவைக்கலாம். அவன் காசை அவன் பக்கம் அவளே தள்ளினால், திருப்பிக் கொடுத்தேன் என்று அவள் சொல்ல வேண்டாம், வாங்கிக்கொண்டேன் என்று அவனும் சொல்ல வேண்டாம். ஆனால் அவள் கேட்ட வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு, காது சிவக்க உட்கார்ந்திருக்கிறான்.

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உன் கதையில நான் இப்ப என்ன பண்றேன்?"

யாமிலெத் கைபேசியை

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எனக்கு இருவரையும் தெரியும், அதனால்தான் கை வரவில்லை. கொஞ்சம் யோசித்தே எழுதுங்கள். யோசிக்காமல் தீர்ப்புச் சொல்ல அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறது. அதற்காக ரொம்ப நேரமும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லில் புபூசா கருகுகிறது, எஞ்சின்காரன் மதியமே கடையை மூடிவிடுவான், வில்பெர் இன்னும் தட்டைத் தொடவில்லை.