முன்பக்கம் தொங்கிய கோட்டு

கோட்டின் முன்பக்கம் தொங்கியது. பின்பக்கம் தூக்கியது.

"மச்சான், தூங்கிக்கிட்டே தைச்சீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

தையல்காரரின் தங்கை கணவர் அவர். ஓட்டல் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலை. ஆண்டுக்கு ஒரு கோட்டு. அளவு நோட்டில் இருந்தது. இடுப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பார் தையல்காரர். மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வருடக் குடல் அழற்சி. நோய் ஏறினால் இடுப்பு சுருங்கும், மாத்திரை ஏறினால் உப்பும். வளர்ந்த மனிதனின் முதுகையும் உயரத்தையும் எதற்கு மறுபடி அளப்பது?

இப்போது அளந்தார். நோட்டில் இருந்ததைவிட உயரம் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. டேப் இழுத்துக்கொண்டிருக்கும் என்று புது டேப் எடுத்தார். அதே ஒன்றரை.

"முதுகு வளைஞ்சிருக்கு, மாப்பிள்ளை."

"நாள் பூரா நிக்கிறேன். வளையாம?"

தையல்காரர் கோட்டை வாங்கிக்கொண்டார். தோளைப் பிரித்தார். உள்ளே பஞ்சு வைத்தார். முன்பக்கத்தை ஏற்றி, காலரை இறக்கினார். நான்கு நாள் வேலை. கண்ணாடியில் மாப்பிள்ளை கம்பம் போல நின்றார். ஓட்டல் மேனேஜர் கூடப் பாராட்டினாராம்.

மறுவாரம் தங்கை கோட்டோடு வந்தாள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே, அண்ணே?"

"நல்லாத்தானே இருக்கு?"

"அதான் வினை. வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை. எலும்பு தேஞ்சிருக்கும்னு டாக்டர் ரெண்டு தடவை ஸ்கேன் எழுதிக் கொடுத்துட்டார். வயித்துல நோவுக்கு எலும்பை ஏன் படம் புடிக்கணும்னு கேக்குறார் இவர். நேத்து ஒரு தும்மல். அரை மணி நேரம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னார். ஸ்கேனுக்குக் கெளம்புங்கன்னா, கோட்டை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு, 'இதுல என்னடி கொறை'ங்கிறார்."

"நான் என்ன பண்ண?"

"கெடுத்துக் குடு. கண்ணாடியில கூன் தெரியட்டும். பட்டன் தைக்கக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன்."

முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத வேலை. நோட்டில் இருந்த பழைய அளவுக்கே கோட்டைத் திருப்பினார். தையல் நன்றாக இருந்ததால் பிரிக்க நேரமானது.

மாப்பிள்ளை வந்து கத்தினார். "பட்டனுக்குக் குடுத்தா கோட்டையே காலி பண்ணிட்டீங்களே!" கோட்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். அங்கே இன்னும் மோசமானது. மூன்றாவது கடைக்காரர் அளவெடுக்க முதுகில் விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் மாப்பிள்ளை அலறிவிட்டார்.

"சார், கோட்டுல தப்பில்ல," என்றார் அந்தக் கடைக்காரர். "மொதல்ல முதுகைக் காட்டுங்க."

வீட்டு ஆள் சொன்னால் நச்சரிப்பு. வெளியாள் சொன்னால் தகவல். மாப்பிள்ளை அன்றே ஸ்கேனுக்குப் போனார்.

முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. இடுப்பெலும்பு மெலிந்திருந்தது, இன்னும் உடையவில்லை. நல்ல வேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். எலும்புக்கு ஊசி தொடங்கினார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் பார்க்கப் போனார். இடுப்பில் பெல்ட்டோடு சாய்ந்திருந்த மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் மச்சான் தைச்ச கோட்டாலதான். உள்ளே பஞ்சை அடைச்சு அடைச்சு அவ்வளவு கனம். எந்த முதுகு தாங்கும்?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் தையல்காரர். "துணி கொஞ்சம் கனம்தான்."