நெஞ்சுக்குள் கசிந்த கரண்ட்

ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அக்காவுக்குப் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இடது மார்புச் சதை துடிக்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டுவதுபோல. தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கருவி வைத்த டாக்டரிடம் போனாள்.

முப்பது வருடமாகத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற வயர் ஜாயிண்டுகளை ரப்பர் சுற்றி அடைத்தவள் அவள். மயிரிழை இடைவெளி விட்டாலும் ஈரம் ஏறும், கரண்ட் கசியும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதையேதான் டாக்டரிடமும் சொன்னாள்: கருவிக்குள் வயர் சொருகுகிற இடத்தில் சீல் சரியில்லை, கரண்ட் சதைக்குப் போகிறது. அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“அக்காவுக்கு மனசுல பயம்,” என்றார் தம்பியிடம். தூக்க மாத்திரை எழுதினார்.

நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் தம்பிதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டானா அவன்?

பத்தாம் நாள் பட்டறையில் மயங்கி விழுந்தாள். அன்று மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் டாக்டர் சோதித்துவிட்டு, கருவி வைத்த இடத்தை உடனே திறந்து பார்த்தார். வயரை இறுக்கும் திருகாணிக்கு மேலிருந்த ரப்பர் சீல் கிழிந்திருந்தது, உள்ளே ரத்தநீர். முதலில் வைத்தபோது திருப்புளி சரிந்து குத்தியிருக்கிறது. கருவியை மாற்றினார்கள்.

மறுநாள் பழைய டாக்டர் வந்தார். ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று மறுபடி தம்பியிடம் ஆரம்பித்தார்.

“அவன்கிட்ட என்ன பேச்சு? நெஞ்சு என்னோடது. இங்க பாத்துச் சொல்லுங்க.”

கிழிந்ததைக் கவனிக்கவில்லை என்று அவர் முனகினார்.

“இன்னும் எத்தனை பேருக்கு வெச்சீங்க?”

அவர் கோப்பை மூடிக்கொண்டு வெளியே நடந்தார். பதில் வரும்வரை வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள். சமாதானம் பேச வந்த மருத்துவமனைத் தலைவருக்கும் நன்றாகத் திட்டு கிடைத்தது. கடைசியில் அந்த டாக்டரின் கை பட்ட பத்தொன்பது பேரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். இன்னொருவருக்கும் ஈரம் ஏறியிருந்தது. சாரத்தின்மேல் நின்று பூசுகிற கொத்தனார். அவர் சொன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

பெண் டாக்டர் வந்து இதைச் சொன்னதும், இனியாவது மனசை ஆற்றிக்கொள் என்றான் தம்பி.

“எதுக்குடா ஆறணும்? அந்தாளு மேலேருந்து விழுந்திருந்தா?”

தாளை வாங்கி, பேனா கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.