மூக்கில் ஏறிய தண்ணீர்

எதிர்வீட்டில் இன்று என்ன குழம்பு என்று சட்டி மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள் ஷரீபுன்னிசா. தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இல்லை என்பது மட்டும் அவள் கண்ணில் படவில்லை. அந்த மூடி காற்றில் பறந்துபோய், எதிர்வீட்டுக்காரி வேண்டாவின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகி எத்தனையோ நாளாயிற்று.

செங்கல்பட்டு வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அதில்தான் அவள் புருஷன் ஷேக் தாவூத் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தார். மூக்கில் தண்ணீரை இழுத்து அவர் சிந்தும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். நேற்றிலிருந்து அவருக்குக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. மூக்கு வழியாக ஏறி மூளையைத் தின்னும் அமீபா பற்றிய வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பிப் பயமுறுத்தியவளே இவள்தான். இப்போது அதைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தாள்.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மாடியில் குடியிருக்கும் தாவரவியல் டீச்சர் திவ்யாவிடம் ஓடினாள். மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் பச்சையாய் ஏதோ நீந்தியது.

"பச்சையா கீதே, செடிதான டீச்சர்? செடி இன்னா பண்ணிடும்?"

செடி நீந்துமா என்று கேட்டாள் திவ்யா. அதன் பேர் யூக்ளினாவாம். வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும், இருட்டில் கிடைத்ததைத் தின்னும். செடியா மிருகமா என்று சண்டை முற்றி, கடைசியில் ஒற்றைச் செல் உயிர்களுக்கென்று தனிப் பந்தி போட்டு அதை உட்காரவைத்தார்களாம். அமீபாவுக்கும் அதே பந்திதான்.

தெருவில் யார் என்ன வகையறா என்று பிரித்து வைத்திருப்பவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே பந்தி என்றால் ஒரே புத்திதானே என்று கேட்டாள்.

"எங்கயும் சேராததையெல்லாம் ஒண்ணா உக்கார வச்சது அக்கா. சொந்தம்னு இல்ல. இந்தப் பச்சை ஒண்ணும் பண்ணாது."

மூச்சு வந்தது. ஆனால் அடுத்த சொட்டைப் பார்த்த திவ்யா லென்ஸை மாற்றி மறுபடி குனிந்தாள். நிறமே இல்லாத ஒன்று மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. அமீபாதான். பெரும்பாலும் சாதுவான வகை, ஆனால் எது என்று இதில் தெரியாது என்றாள்.

"தாவூத் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. இப்பவே."

ஆஸ்பத்திரியில், அமீபா இருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரிக்கு என்ன வியாதி என்றுகூட ஷரீபுன்னிசா விசாரிக்கவில்லை. அவ்வளவு பயம்.

கடைசியில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார்கள்.

தொட்டியைக் கழுவியாயிற்று. சண்டை போடாமல் வேண்டாவிடம் மூடியை வாங்கி வந்ததைத் தெரு இன்னும் நம்பவில்லை. ஒளுவுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். ஆனாலும் ஒவ்வொரு வேளையும் கதவோரம் வந்து நிற்கிறாள். அவர் மூக்கில் இழுக்கும்போது இவள் மூச்சு நின்றுவிடும். சிந்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்த மூச்சு திரும்பி வரும்.