நாற்காலியான கத்தோகோ

மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை கத்தோகோவின் கால்கள் இரண்டும் முழங்கால்வரை மரமாகிவிட்டன. உருளைக்கிழங்கு மூட்டை இரண்டாயிரம் ஷில்லிங்குக்கு விற்ற வாரம் அது. நியாண்டாருவா மலையடியில் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன கிளப்பில், பெண்கள் நுழையக்கூடாத ஆண்கள் பாரில் இது நடந்தது. நல்ல தேவதாரு மரம். கணப்பு ஓரம் கிடந்த மூன்று நாற்காலிகளும் ஒரு காலத்தில் துரைகளாக இருந்தவை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் பதறவில்லை. உறுப்பினரான மருத்துவர் ஒருவர் வாரம் ஒருமுறை எண்ணெய் பூசச் சொன்னார்.

முன்பெல்லாம் அந்த வாசலில் நம் ஆட்கள் நின்றால் நாயை ஏவிவிடுவார்கள். துரைகள் போனபின் நம் ஆட்களே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நாயை மட்டும் மாற்றினார்கள். உச்சி வெயிலில் கம்பளிக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, கண்ணால் கண்டிராத லண்டன் மழையைப் பற்றி நாள்தவறாமல் சலித்துக்கொள்வார்கள். காபிச் சங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற கத்தோகோ இதில் எல்லாரையும் மிஞ்சியவர். மகள் பிறந்தபோதும் அம்மா செத்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். அவருடைய சந்தாவை மனைவி நியாகுத்தி பால் விற்றுக் கட்டிவந்தாள். "தொர என் மாட்டு மடியிலதான் தொங்குறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். காறித் துப்புவதற்குப் பதில்தான் அந்தச் சிரிப்பு.

அந்தச் சனிக்கிழமை மகள் நியோகாபியைப் பெண் கேட்டு வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆடுகளும் தேனில் புளிக்கவைத்த கள்ளும் கொண்டுவருவார்கள். பெண்ணின் தகப்பன் இருந்து சம்மதம் தராமல் அந்தக் கள்ளை யாரும் தொடக்கூடாது. கிளப்பின் கோல்ஃப் போட்டியைச் சொல்லி அவர் ஏற்கெனவே இரண்டு முறை நாளைத் தள்ளியிருந்தார். இந்த முறையும் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லியனுப்பிவிட்டார். அந்தப் பையனுக்காக ஏழு வருஷம் காத்திருந்த நியோகாபி சோற்றைத் தொடவில்லை. நியாகுத்தி வெள்ளிக்கிழமை பாலை ஊற்றிவிட்டு நேராகக் கிளப்புக்குப் போனாள். அதற்குள் மரம் கழுத்துவரை வந்திருந்தது. கைகள் நாற்காலிக் கைகளாகி, ஒன்றின்மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்கள்.

"நியோகாபி அப்பா, நாளைக்கு நம்ம பொண்ணு காரியம். மரமா இருந்தாலும் பரவால்ல, தூக்கிட்டுப் போறேன்" என்றாள் வாசலில் நின்று.

"உள்ள வந்துடாதடி! இது ஆம்பளைங்க பார். சட்டம் இருக்கு" என்றது மிச்சமிருந்த தலை.

அவள் உள்ளே போனாள். கூரை இடிந்து விழவில்லை. நாலு பேர் மட்டும் எழுந்து நின்று டையைத் தடவிக்கொண்டார்கள்.

"பெத்த பொண்ணை விட இந்தச் சட்டம் பெருசா உங்களுக்கு?"

கத்தோகோ சற்று யோசித்தார். "டை நேரா இருக்கான்னு பாரு" என்றார். அத்தோடு உதடும் மரமாகிவிட்டது.

நியாகுத்திக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். கிளப்பின் செயலர் முரீத்தி ஓடிவந்தார்.

"அம்மா, நாற்காலியெல்லாம் கிளப் சொத்து."

"முப்பது வருஷச் சந்தா என் பசு கறந்தது. நகருய்யா."

அவர் நகர்ந்தார். பால் கொண்டுவந்த கழுதை வண்டியிலேயே புருஷனை ஏற்றிக் கட்டினாள்.

மறுநாள் பெரியப்பா முறைப்படி நாற்காலியின் முன் நின்று மூன்று தடவை சம்மதம் கேட்டார். பிறகு நியாகுத்தியிடம் திரும்பினார்.

"மனுஷன் எப்பவும் இப்படித்தானா?"

"பேசுனப்பவும் வீட்டுக்கு உருப்படியா ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க உக்காருங்கண்ணே."

பெரியப்பா கனத்த உடம்புக்காரர். அவர் உட்கார்ந்ததும் கத்தோகோ ஒருமுறை கிறீச்சிட்டார். பெரியவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கள்ளை ஊற்றினார்கள். நியோகாபி இரண்டு தட்டு சோறு தின்றாள். பாட்டு ஓய்ந்து கடைசி விருந்தாளி கிளம்பும்வரை கத்தோகோ அங்கேயே இருந்தார். வீட்டுக் காரியம் ஒன்றில் அவர் முழுசாக இருந்தது அதுதான் முதல் தடவை.